மணிக்கு ஆயிரத்து நானூறு

மூன்றாம் நாள் மழை.
இரண்டு பத்துக்கு முதல் அழைப்பு.
குஞ்சப்பனைக்கு மேலே, வளைவில்,
சாலை இருக்கிறதா இல்லையா தெரியவில்லை,
டார்ச்சில் மண்தான் தெரிகிறது என்றார்
வருவாய் ஆய்வாளர்.
"வண்டி உடனே வேணும்மா."
உடனே என்றால் இந்த மலையில்
ஒன்றரை மணி நேரம்.

பெள்ளியை எழுப்பப் போனால்
பூட்ஸைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்.
டேங்கில் நாற்பது லிட்டர்.
பங்க்கில் கரண்ட் இல்லை;
அவர்கள் ஜெனரேட்டருக்கே டீசல்
என் கேனிலிருந்துதான் போனது.
அதையும் நோட்டில் எழுதினேன்.

எங்களுக்கு வானிலை அறிக்கைதான் பஞ்சாங்கம்.
ஆரஞ்சு என்றால் கிரீஸ் அடிப்போம்.
சிவப்பு என்றால்
வங்கித் தவணைக் கவலை கொஞ்சம் குறையும்.
இதை நான் வெளியே சொல்வதில்லை.
ஐப்பசியில் கோயிலுக்குப் போனால்
திருநீறு மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிடுவேன்.
எதை வேண்டிக்கொள்வது?

விடிந்ததும் தெரிந்தது.
தேயிலைச் செடிகள் வரிசை கலையாமல்
நின்றவாக்கில் இறங்கி வந்து
சாலையில் நின்றன,
மேட்டுப்பாளையம் பஸ்ஸுக்குக் காத்திருப்பவை போல.
குறுக்கே ஒரு சில்வர் ஓக்.
கிளையில் யார் வீட்டு டிஷ்ஷோ.
இந்தப் பக்கம் ஆம்புலன்ஸ்,
கோவைக்கு டயாலிசிஸ் போகிற ஒருவர் உள்ளே.
அந்தப் பக்கம் வெறும் லாரிகள் பதினொன்று,
கேரட் ஏற்ற வந்தவை.
எல்லா ஹாரனும் என்னைப் பார்த்தே அடித்தன.

ஹனீபா ரம்பத்தை மூன்று முறை இழுத்தார்.
ஓக் ஏழு துண்டானது.
கற்பூர மரம்தான் துரோகி,
ஓக் சொன்ன பக்கம் விழும் என்பார்.
பெள்ளி பக்கெட்டை இறக்கினான்,
தூங்குகிற பிள்ளைக்கு அடியிலிருந்து
துணியை உருவுகிறவன் மாதிரி.

என் வேலை விசில்.
முதலாளியம்மா என்று பெயர்;
செய்வது அண்ணாந்து பார்ப்பது.
மேலே ஒரு கூழாங்கல் உருண்டாலும் ஊத வேண்டும்.
நாலு மணி நேரம்
கழுத்து மடங்காமல் பார்த்தேன்.

ஐந்தாவது மணியில் பக்கெட்டில் வந்தது
சிவப்பு இன்டர்லாக் கல்.
அப்புறம் நீலக் குழாய் ஒன்று.
அப்புறம் பாதி உடைந்த போர்டு:
'...வியூ காட்டேஜ்'.

பெள்ளி என்ஜினை அணைத்தான்.
ஒன்றும் பேசவில்லை.
சித்திரையில் பேசியிருந்தான்:
"இவ்ளோ நேரா வெட்டினா நிக்காதுக்கா."
பார்க்கிங்குக்கு இருபத்திரண்டு அடி.
இதே வண்டி, இதே பக்கெட்.
பிளான் அவங்களுது, மணி நம்மளுது என்றேன்.
நாற்பத்தொரு மணி நேரம்,
கையில் ரொக்கம்.
நெடுஞ்சாலைத் துறை
போன வருடத்துப் பில்லே இன்னும் தரவில்லை.

போர்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
கல் உருண்டதை நான் பார்க்கவில்லை.

ஹனீபா கத்தினார்.
பெள்ளி எப்படி ஸ்டார்ட் செய்தான்,
எப்படிப் பின்னால் எடுத்தான்,
இன்று வரை அவனுக்கும் தெரியாது.
அரை லாரி மண்
அவன் நின்ற இடத்தில் உட்கார்ந்தது.
விசில் என் வாயில்தான் இருந்தது.

பன்னிரண்டு பத்துக்கு ஒற்றை வழி திறந்தது.
ஆம்புலன்ஸ் போனது.
உள்ளே இருந்தவர் கண்ணாடி வழியாகக் கும்பிட்டார்.
நான் பெள்ளியைப் பார்க்கவில்லை.

இரவு நோட்டில் எழுதினேன்:
ஒன்பது மணி நேரம், ரம்பம் தனி.
பக்கத்தைப் பின்னால் புரட்டவில்லை.
போன் அடித்தது. அரவேணுவிலிருந்து ஒருவர்.
"மழை விடட்டும்மா, தையில் வண்டி வேணும்.
கொஞ்சம் மலையைச் சமம் பண்ணணும்."
"எவ்வளவு உயரம்?" என்று கேட்டேன்.
இதுவரை யாரிடமும் கேட்டதில்லை.
அந்தப் பக்கம் கொஞ்ச நேரம்
தகரத்தில் மழை விழும் சத்தம் மட்டும்.
பிறகு, மணிக்கு எவ்வளவு என்றார்.

தவணை ஐந்தாம் தேதி.
நாளைக்குச் சொல்கிறேன் என்று வைத்தேன்.